முழங்கை ஆறாத கதை

சோப்பில் பொய் எதுவும் இல்லை மேடம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சமையலறையிலேயே காய்ச்சி, அச்சில் ஊற்றி, வாரக்கணக்கில் காயவைத்து எடுப்பாள். நான் படம் பிடித்து ஆப்பில் போடுவேன். சாப்பாடு, வாடகை, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அதில்தான்.

ஒருநாள் அந்த ஆப்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றிவிட்டார்கள். இனி போட்டோ யார் கண்ணிலும் படாது, வீடியோதான் முன்னால் வரும். அதற்குப் பிறகு எங்கள் சோப்புப் படங்களைப் பார்த்தது நானும் என் மாமியாரும் மட்டும்தான். உட்கார்ந்து ஈ ஓட்டினோம்.

ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அப்போது முழங்கையில் சொறி இருந்தது. எங்கள் சோப்பைப் போட்டுக் கழுவிவிடுவதை வீடியோ எடுத்தேன்.

"எரியுதாடா குட்டி?"

"இல்லப்பா, ஜில்லுனு இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. ஊரே பார்த்தது, ஆர்டர் குவிந்தது. சொறி உண்மை, அது ஆறிவந்ததும் உண்மை.

அப்புறம் 'தொடர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரே கதையைப் பகுதி பகுதியாகப் போட்டால், பார்த்தவர்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டும். கதை முடிந்துவிட்டால் நம்மை ஓரங்கட்டிவிடும். அந்த நேரம் பார்த்துக் குழந்தையின் கை பளபளவென்று ஆகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் ஆறாமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பெற்றவன் சொல்லக்கூடாத பேச்சுதான். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

சோப்புக் காய்ச்சக் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர் வீட்டில் எப்போதும் இருக்கும், பட்டால் தோல் வெந்துபோகும். மதியம் அவள் தூங்கும்போது பஞ்சில் நனைத்து அந்த இடத்தில் தொட்டு வைத்தேன். லேசாகத்தான். தொடர் ஓடியது.

மனைவிக்கு எதுவும் தெரியாது. தன் கைப்பக்குவம் கெட்டுவிட்டதென்று எண்ணெயை மாற்றிப் பார்த்தாள், வாசனையை எடுத்துப் பார்த்தாள். "என்னங்க, எங்க தப்புப் பண்றேன்னே புரியல. புள்ளைய நானே கெடுக்கிறேனா?" என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அதையும் எடுத்துப் போட்டேன். நாங்கள் போட்டதிலேயே அதுதான் அதிகம் ஓடியது.

புண் சீழ் பிடித்து உள்ளே இறங்கும் என்று நான் நினைக்கவில்லை. இனி அந்தக் கையை முழுதாக நீட்ட முடியாது என்று டாக்டர் சொன்னபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். போன் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. என் மகள் மேடம், எனக்கு வலிக்காதா?

செய்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், நான் அவளைக் கட்டாயப்படுத்தியதே இல்லை. கடைசித் தடவை அவள் தூங்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். நான் பஞ்சோடு போய் உட்கார்ந்ததும் சட்டைக் கையை அவளே மேலே ஏற்றிவிட்டாள். "சீக்கிரம் வைப்பா, அம்மா வந்துடுவாங்க" என்றாள்.

அவளுக்கும் இந்தத் தொழில்மேல் அவ்வளவு அக்கறை இருந்தது மேடம்.