கேட் திறப்பதற்குள்

தேர்வாய் கண்டிகையிலிருந்து வேலை முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸின் டிவியில் தினமும் ஒரே பென்டிரைவ், அதே காமெடிகள்தான் ஓடும். அன்று ரயில்வே கேட்டில் நின்றுவிட்டோம். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“யக்கா, கேட்டு எப்பக்கா தொறக்கும்?”

“இன்னாத்துக்குடி பறக்குற?”

“குண்டுப் பொண்ண ஹீரோ தண்ணி டேங்க்குன்னு கூப்புடுவான்ல, அந்த சீனு வரப்போவுதுக்கா. டெய்லி அதுக்குள்ள எறங்கிடுவேன். போன வாரம் இங்கியே மாட்டிக்கினேன். பஸ்ஸே என்னத் திரும்பிப் பாத்து சிரிச்சிச்சு. இப்ப கம்பெனிலயும் அப்பிடித்தான் கூப்புடுறானுங்க.”

“இதெல்லாம் ஒரு காமெடின்னு எடுக்குறானுங்க பாரு. டிரைவராண்ட நிறுத்தச் சொல்லட்டா?”

“ஐயோ, வேணாங்க்கா. ஏன்னு கேப்பாங்க.”

டிவியில் ஹீரோ வந்துவிட்டான். அந்தப் பெண் சத்தமாகச் சிரிக்கத் தொடங்கினாள்.

“இன்னாடி, அவன் இன்னும் வாயே தொறக்கலியே?”

“எல்லாரும் திரும்புறப்ப நான் சிரிச்சிக்கினு இருக்கணுங்க்கா.”