பதிவேடு விட்டுவிட்ட மாலை வகுப்பு

என் சொல்லுக்கும் இந்த மேடையில் ஓர் இடம் தந்த தலைவர் அவர்களே! தரவுப் பகுப்பாய்வு கற்றுத்தரும் பேராசிரியை அவர்களே! மூத்தோரே, பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் தாய்மாரே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

இந்தத் தாளை நானே எழுதினேன். நான்கு நாள் ஆனது. சில எழுத்துகள் படியேறுகின்றன, சில சறுக்குகின்றன. நடுவில் நான் நின்றால், என் கையெழுத்து எனக்கே புரியவில்லை என்று பொருள். பொறுத்துக்கொள்ளுங்கள். (சிரியுங்கள், சிரியுங்கள். அறுபத்தொன்பது வயதில் எழுதப் பழகியவனுக்கு அதுவும் பரிசுதான்.)

நான் கணினிக்கூடத்தின் வாயில்காவலன். சென்ற வாரம் இதே அரங்கில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் ஆய்வை வரைபடமாகத் திரையில் காட்டினார்கள். கூடம் எந்த நேரத்தில் வீணாகத் திறந்திருக்கிறது என்பது கேள்வி. ஆகா, என்ன அழகு! நீலத் தூண், பச்சைத் தூண், நிமிர்ந்த தூண், நெடிய தூண்! எல்லோரும் கைதட்டினார்கள். நானோ மெல்லப் படிப்பவன். அவர்கள் தூணைப் பார்த்து முடித்தபோது, நான் அடியில் இருந்த பொடி எழுத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். 'மாலை வகுப்பு: வந்தவர் பூஜ்யம்.'

பூஜ்யமா? ஆறு மணிக்குக் கதவைத் திறப்பவன் நானல்லவா? பிறகு நான் உள்ளே விட்டது யாரை? அந்தப் பூஜ்யத்தை நம்பி, மாத இறுதியோடு மாலை வகுப்பை மூடலாம் என்று பரிந்துரையும் எழுதிவிட்டார்கள். பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு ஓடிவரும் செவிலியர் ஒருவர் இருக்கிறார். இன்னும் ஒரே பருவம், படிப்பு முடிந்துவிடும். அவரும் பூஜ்யமா?

ஆய்வை நடத்திய மாணவியிடம் போனேன். கூட்டாளிகள் அவளைக் 'கணக்குப்புலி' என்பார்கள்.

"டேட்டா பொய் சொல்லாது தாத்தா" என்றாள்.

"சொல்லாதும்மா. ஆனா பாதிய வாய்க்குள்ளயே வச்சுக்கும்ல? எங்கேருந்து எடுத்தீங்க?"

என் பதிவேட்டிலிருந்துதான் எடுத்தார்களாம்!

இனி வருவது என் குற்றம். பகலில் வருவோர் தாங்களே பெயர் எழுதுவார்கள். மாலையில் வருவோர் மூச்சிரைக்க வருவார்கள். நான் போட்டுக்கொள்கிறேன், உள்ளே போங்கள் என்று அனுப்பிவிடுவேன். எனக்கோ அப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும், எழுதத் தெரியாது. ஓரத்தில் ஆளுக்கொரு புள்ளி வைப்பேன். அவர் வெளியே போனதும் புள்ளியைச் சுற்றி வட்டம் போடுவேன். வட்டம் விழாத புள்ளி ஒன்று இருந்தாலும் கதவைப் பூட்டமாட்டேன். பதிவேட்டைக் கணினியில் ஏற்றிய பிள்ளைகள் கட்டங்களைப் பார்த்தார்கள். கட்டங்கள் காலி.

"ஓரத்துல யாரோ பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பாத்திருக்காங்கன்னு விட்டுட்டோம் தாத்தா."

"கிறுக்கல் இல்லம்மா. ஆளுங்க."

அவள் பதிவேட்டை வாங்கினாள். அங்கேயே உட்கார்ந்து எண்ணினாள். நாளுக்கு முப்பது பேருக்குக் குறையவில்லை.

திருத்தத்தை அலுவலகத்துக்கு அனுப்பினாள். அங்கே என்ன சொன்னார்கள் தெரியுமா? "வேலை போயிடுமேன்னு பெரியவரே புள்ளி வச்சிருந்தா?" (கோபப்படாதீர்கள் தாய்மாரே. நியாயமான கேள்வி. நானும் கேட்டிருப்பேன்.)

அதனால் சொல்கிறேன், செல்வங்களே, சந்தேகப்படுங்கள்! வண்ணத்தைச் சந்தேகப்படுங்கள். தூணைச் சந்தேகப்படுங்கள். காலிக் கட்டத்தைக் கண்டால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். என் புள்ளியையும் சந்தேகப்படுங்கள்! ஆனால் சந்தேகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள்!

தலைவர் அவர்களே, பரிந்துரை உங்கள் கோப்பில் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. இந்த அரங்கில் மாலை வகுப்பினர் ஒருவர்கூட இல்லை, கவனித்தீர்களா? இப்போது மணி ஐந்து ஐம்பது. வேலை முடிந்து வந்து என் வாசலில் நிற்கத் தொடங்கியிருப்பார்கள். சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. என்னோடு வாருங்கள், நீங்களே எண்ணுங்கள். அடுத்த வாரத்துப் பெயர்களை நானே எழுதி உங்கள் மேசைக்குக் கொண்டுவருகிறேன்.

(தலைவர் மேசைக்கு அடியில் செருப்பைத் தேடுகிறார். வழி விடுங்கள், பிள்ளைகளே.)

கேட்ட காதுகளுக்கு நன்றி. நடக்கப்போகும் கால்களுக்கு வணக்கம்.