எக்ஸைட்டட், எக்ஸைட்டிங்

— ஆர்த்திகா பிள்ளை, வகுப்பு முடிஞ்சுதோ? தேத்தண்ணி கொண்டு வந்தனான்.

— முடிஞ்சுதுக்கா. உள்ள வாங்க. உங்க வீட்ல நீங்களே கதவத் தட்டிட்டு நிக்கிறீங்க.

— வாடகைக்கு விட்டால் அது உம்மடை அறைதானே. ஒண்டு கேக்கோணும். சீனப் பிள்ளையளுக்குக் கொம்பியூட்டரிலை எக்ஸைட்டட், எக்ஸைட்டிங் எண்டு இங்கிலீசு படிப்பிச்சீர். சுவருக்கு அங்காலை இருந்து கேட்டனான். ரெண்டும் ஒண்டில்லையோ?

— இல்லக்கா. நம்ம மனசு துள்ளினா எக்ஸைட்டட். துள்ள வைக்கிற விஷயம் எக்ஸைட்டிங். அவங்க மாத்தி, "ஐ ஆம் எக்ஸைட்டிங்"னு சொல்லிடுவாங்க.

— அப்பிடிச் சொன்னால்?

— என்னப் பாத்தா எல்லாருக்கும் மனசு துள்ளும்னு ஆயிடும்.

— ஐயோ. நானும் அதைத்தான் வனேசாவுக்கு எழுதிப்போட்டன்.

— லண்டன்ல இருக்கிற உங்க மருமகளுக்கா?

— ஓம். அவவுக்குத் தமிழும் தெரியாது, என்ரை பிரெஞ்சும் விளங்காது. சாந்தனும் அவவும் நாளைக்குப் பாரிசுக்கு வாறம் எண்டு சொல்லிச்சினம். மூண்டு வருஷம், பிள்ளை, என்ரை மகனைக் கண்டு. "ஐ ஆம் வெரி எக்ஸைட்டிங்" எண்டு அனுப்பினன். சிரிக்கிற முகம் நாலு வந்துது. சந்தோஷப்படுகினம் எண்டு நினைச்சு, லா ஷப்பெல் தமிழ்க்கடையள் முழுக்க அலைஞ்சு நண்டு வாங்கினன்.

— பரவால்லக்கா. நாளைக்கு நேர்ல சொல்லிச் சிரிச்சுக்கலாம். ரயில் எத்தனை மணிக்கு?

— வரேல்லையாம். காலமை சாந்தன் எழுதியிருக்கிறான். வேலையாம். கார் து நோர் ஸ்டேசன் இஞ்சையிருந்து பத்து நிமிஷ நடை. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறதெண்டு இருந்தனான். பிள்ளை, நான் பிழையாய் எழுதினதாலை இல்லைத்தானே?

— சேச்சே. அதுக்கெல்லாம் யாராவது வராம இருப்பாங்களா?

— நீர் இன்னொண்டும் சொன்னீர். சீனத்திலை ஜீதொங் எண்டு ஒரு சொல். சந்தோஷத்திலை நெஞ்சு அடிச்சாலும் அதுதான், நெஞ்சடைச்சுக் கண்ணீர் வந்தாலும் அதுதான் எண்டு.

— ஆமா. எக்ஸைட்டட்ல அந்த அழுகை கிடையாது.

— அப்ப எனக்கு இப்ப இருக்கிறதுக்கு இங்கிலீசிலை என்ன சொல்?

— டிஸப்பாயின்டட்க்கா.

— அதை நீர் இன்னும் படிப்பிக்கேல்லை. திங்கக்கிழமை உம்மடை சீனப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடும். நானும் அங்காலை இருந்து கேப்பன்.

— அக்கா, அந்தக் கிளாஸ் போன மாசமே நின்னுடுச்சு. இப்ப திரையில யாருமே இல்ல. நீங்க அந்தப் பக்கம் நாற்காலிய இழுத்துப் போடுற சத்தம் கேட்டப்புறம்தான் தினமும் ஆரம்பிக்கிறேன்.