கண்ணில் படாத எழுத்து

"ஹலோ... சொல்லுங்க சார்... ஆமா, ஆமா, அந்தப் பக்கம்தான் திறந்து வெச்சிருக்கேன்... ழகரமா... மறுபடியுமா... வால் இன்னும் நீளமாத் தெரியுதா..."

அவன் திரையைப் பார்த்தான். நாளிதழ் ஒன்றுக்குத் தினப்படி வாசிப்புக்கென்று, குஞ்சமும் கொசுவமும் இல்லாமல் ஒரே தடிமனில் ஓடும் எழுத்துரு வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். படிக்கிறவனுக்குச் செய்திதான் தெரிய வேண்டும், எழுத்து கண்ணிலேயே படக்கூடாது என்பது போனில் இருந்த நாளிதழ் மேனேஜரின் கட்டளை. அவர் சொல்லச் சொல்ல வாலை நறுக்கி, ழகரம் இப்போது மகரத்தின் ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி நின்றது. நறுக்க இனி வால் இல்லை. இன்று மாலைக்குள் அவர் சரி சொல்லாவிட்டால் பத்திரிகை பழைய எழுத்திலேயே வரும். இவனுடைய ஒரு வருஷ உழைப்பு குப்பைக்குப் போகும்.

"ஒரு நிமிஷம் சார். அந்த வால் உங்ககிட்ட எப்படி இருக்கு?... கீழ்வரிய இடிக்குதா... நுனியில சுருண்டிருக்கா..."

அவன் வரைந்ததில் எதுவும் சுருளவில்லை. தோளில் இடுக்கியிருந்த போனைக் கையில் எடுத்தான்.

"சார், மெயில்ல ஃபான்ட் தனியா அனுப்பினேனே, அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்களா?... இல்ல சார், பக்கம் வேற, அது வேற... ஓ... எதுக்குன்னு தெரியாம விட்டுட்டீங்க... முதல்லேர்ந்தேவா... சரி... சரி சார்."

ஏற்றாவிட்டால் கம்ப்யூட்டர் தன்னிடம் கிடக்கும் பழைய எழுத்தைத்தான் போட்டுக் காட்டும். ஆக, இத்தனை மாதமாக மேனேஜர் திட்டியது யாரோ வரைந்ததை. பக்கத்து வீட்டுக்காரனின் பல்வலிக்கு இவன் தன் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறான். கோபப்படலாம் என்று நினைத்தான். அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

"சார், இப்ப ஏத்துங்க. நேத்து திருத்தி அனுப்பினது வேண்டாம். முதல் முதல்ல ஒண்ணு அனுப்பினேன் பாருங்க, அது... ஆமா, அதேதான்... அமுக்குங்க... ம்... இருக்கேன் சார், லைன்லதான் இருக்கேன்..."

ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்தான்.

"ஹலோ... வந்துடுச்சா... வால் அளவா இருக்கா... அப்படியா சார்... கண்ணுக்கு இதமா... சந்தோஷம் சார், ரொம்பச் சந்தோஷம்... இல்ல, உங்க திருத்தத்தால இல்ல சார், இது திருத்தத்துக்கு முன்னாடி... ம்... ஆமா... ஆமா சார், நீங்க விடாம சொன்னதாலதான். நீங்க சொன்னா சரி. அச்சுக்கு மட்டும் இன்னிக்கே சொல்லிட்டீங்கன்னா..."

நாற்காலியில் சாய்ந்தான். நிமிர்ந்தான்.

"அனுப்பிட்டீங்களா? எதை சார்?... எல்லாத் திருத்தமும் உள்ளதா... நேத்து வந்ததையா... சார், அது வேற சார். நீங்க இப்ப பார்த்தது... சார், அதுல ழகரத்துக்கு வாலே... இல்ல, நீங்க மீட்டிங் போகலாம் சார், ஒரே ஒரு... ஹலோ... ஹலோ..."