முனிவேலின் தொண்டை

எனக்குப் பாட வராது, மேடம். கைதட்டினால்கூடத் தாளம் தவறிவிடும். ரசிப்பதற்கு அது ஒரு தடையில்லை என்று முனிவேல் அண்ணன்தான் சொன்னார்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஷிஃப்ட் முழுக்கத் தகடு வெட்டும் சத்தம். அறையில் இருந்தவர்கள் யாரோடும் ஒட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கெலவரப்பள்ளி அணைக்குப் போனேன். கரையோரம் ‘எல்லைக்கல்’ என்ற குழு வாசித்துக்கொண்டிருந்தது. ரெகே என்று ஓர் இசை இருப்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அவசரமே இல்லாத பாட்டு. பேஸ் கித்தாரின் அதிர்வு நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. நடுவில் நின்று பாடியவர்தான் முனிவேல். தோள்வரை சடை. தன் தக்காளித் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்ததால் காலெல்லாம் சேறு. தமிழில் தொடங்கி, தெலுங்கில் போய், கன்னடத்தில் முடித்தார். யாருக்கும் யாரும் எஜமான் இல்லை, யார் உயிரும் யாருக்கும் சொந்தமில்லை. பாட்டில் இருந்தது அவ்வளவுதான். நான் அழுதுவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிறும் விட்டதில்லை. ஸ்பீக்கர் தூக்கினேன், ஒயர் சுற்றினேன். ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் பஸ்கள் எல்லையோடு நின்றுபோன சமயம், அண்ணன் ஜூஜுவாடியில் பாடினார். கர்நாடகப் பக்கத்து ஆட்கள் அத்திப்பள்ளியிலிருந்து நடந்தே வந்தார்கள். எங்கள் கம்பெனி ரஞ்சிதாவும் ஒரு கன்னட லாரி டிரைவரும் ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்து கூடவே பாடினார்கள். என்னை நல்லவனாகக் காட்ட இதைச் சொல்லவில்லை. அந்தக் குரல் எத்தனை பேருக்கு வேண்டியிருந்தது என்று உங்களுக்குப் புரியவேண்டும்.

போன வருஷம் அண்ணனுக்குத் தொண்டை கட்டியது. சரியாகவே இல்லை. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். தொண்டையிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அண்ணனிடம் செல்போன் கிடையாது. “எந்தம்பி நம்பரு, எழுதிக்கோங்க சார்” என்று டாக்டரிடம் என் நம்பரைக் கொடுத்தார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை, மேடம்.

டாக்டர் கூப்பிட்டபோது கேண்டீனில் இருந்தேன். புற்றுநோய் என்றார். இன்னும் பரவவில்லை, குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், உடனே அழைத்து வா என்றார்.

“பாட முடியுமா சார்?”

“பேசறதே கஷ்டம்ப்பா. உயிர் இருக்குமில்ல?”

நன்றி சொல்லி வைத்தேன். தட்டிலிருந்த சோற்றை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

சாயங்காலம் தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாப்பா சொன்னாரு டாக்டரு?”

“சாதாரணச் சதை வளர்ச்சிதானாம்ணே. வெந்நீர் குடிச்சாப் போதுமாம்.”

அவர் மனைவி செல்லி அண்ணி கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். “முனியப்பன் காப்பாத்திட்டாரு. களி கெளறியிருக்கறேன், சாப்ட்டுட்டுப் போப்பா” என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

டாக்டர் மறுபடியும் அழைத்தார். வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம் என்றேன்.

அதற்குப் பிறகு அண்ணன் பாடியதைப்போல் முன்பு எப்போதும் பாடியதில்லை. குரல் கரகரத்து, ஆழத்திலிருந்து வந்தது. குரல் பழுத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஒன்றுவிடாமல் பதிவுசெய்தேன். வலிக்கிறது என்றபோது மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “போதும் பரமு. பாட்ட வேற யாராச்சும் பாடட்டும். நான் ஓரமா டிரம் தட்டிக்கினு இருந்துக்கறேன். எம்பொண்ணு சுவாதி வளர்றதப் பாத்தாப் போதும்.”

அப்படியெல்லாம் பேசாதீர்கள் என்றேன். எனக்கு அவர்மேல் வருத்தமாக இருந்தது. அந்தக் குரலின் அருமை அவருக்கே தெரியவில்லையே என்று.

மூச்சுமுட்டிய அன்றைக்கு அண்ணி அவரை அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். “அப்போதே போனில் சொன்னேனே” என்று டாக்டர் கேட்டிருக்கிறார். எல்லாம் முற்றிவிட்டிருந்தது. கழுத்தில் ஓட்டைபோட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். நான் போய்க் கட்டிலருகே நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். “ஏம்ப்பா?” என்று உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு ஸ்பீக்கர் கொண்டுபோனேன். அவர் பாட்டோடு அவரை அனுப்பவேண்டும் என்று ஆசை. அண்ணி வந்து ஒயரைப் பிடுங்கி என் காலடியில் போட்டார். மறுநாள் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்து புகார் கொடுத்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

கொலை என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். அவரை என்னைவிட நேசித்தவர் யாருமில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருந்தால், பிழைத்திருக்கவேண்டும் என்று சொல்லியிருப்பார், மேடம். அதனால்தான் கேட்கவில்லை.