எதிர்க்கடை இருக்க வேண்டும்

நேற்றுப் பிற்பகல், விசாரணை அதிகாரிகள் முன்னிலையில், பெரிய சமையல் எரிவாயுக் கம்பனி நம் விற்பனையாளர் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அக்குறணை சித்தி றலியாவின் கடைக்கு நிறுத்திய லொறியை மறுபடி அனுப்பச் சம்மதித்துவிட்டது. நான் வியாபாரி, சரக்கைக் காட்டிவிட்டுத்தான் பேச்சு.

இனி முறைப்படி வணங்குகிறேன். அவையை அமைதியால் ஆளும் தலைவர் சுந்தரலிங்கம் ஐயா அவர்களே, தெல்தெனியவிலிருந்து மழையில் நனைந்து வந்த மூத்த முதலாளிமாரே, மடுல்கெல்ல மலையிறங்கி வந்த என் சொந்தங்களே, அடுப்பு அணைந்தால் எங்களை ஏசும் அன்புத் தாய்மாரே, அனைவருக்கும் வணக்கம். சிரிக்கிறீர்கள், ஏச்சு வாங்கியவனுக்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்து அக்குறணை என் கண்ணுக்குள் நிற்கிறது. வீதிக்கு இந்தப் பக்கம் என் மண்ணெண்ணெய்க் கடை. தோட்டத்திலிருந்து வந்தவன் தகரமடித்துக் கட்டிய கடை. அந்தப் பக்கம் ஜுனைதீன் நானாவின் கடை. சித்தி றலியாவின் வாப்பா அவர். புனலில் எண்ணெய் இறங்கும் அந்த வாசனை எங்கே? போத்தல்கள் உரசும் அந்தப் பொழுதுகள் எங்கே? நல்லம்மா அக்கா நடுவீதியில் நின்று, "யாரு நல்லா ஊத்துறீங்களோ அங்கதான் வருவேன்" என்பார். நான் கழுத்துவரை ஊற்றினால், நானா வாய்வரை ஊற்றுவார். எதிர்க்கடைதான் எங்களுக்குத் தராசு. எதிர்க்கடைதான் எங்களுக்குச் சட்டம்.

ஒரு மழைக்காலம், பாதையில் மண் சரிந்து என் கடை வற்றிப்போனது. நானா தன் பீப்பாய் ஒன்றை என் வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். "கைமாத்தா வச்சிக்க. ஒனக்கு வந்த பொறகு எண்ணெயாவே தா."

"ஏன் நானா?" என்றேன்.

"நீ கடய மூடினா நான் ஆரோட சண்ட புடிக்கிற?"

பிறகு எரிவாயு வந்தது, இரண்டு கடையும் அதற்கு மாறின. பெரிய கம்பனி வந்தது. நானா மறைந்தார், கடையில் மகள் அமர்ந்தார். போன வருஷம் றலியா, சின்னக் கம்பனி ஒன்றின் பச்சைச் சிலிண்டர்களையும் வாங்கி வாசலில் வைத்தார். விலை குறைவு, கேட்டவர்களுக்குக் கொடுத்தார். அதுதான் குற்றமாம். பச்சையை ஒழித்துக்கட்டு என்றார்கள், மறுத்தார். பெரிய கம்பனியின் லொறி அவர் வாசலைத் தாண்டி ஓடத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அந்தக் கதவு மூடியிருக்கும்.

கம்பனியின் விற்பனை அதிகாரி சுதேஷ் என்னிடம் வந்தார். "அங்கிள், இனி அவங்கட கஸ்டமர் எல்லாம் உங்களுக்குத்தானே."

"நாளைக்கு நான் பச்சை வச்சா, தம்பி?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெரிதாக வளர்வது குற்றமா? இல்லை. நானும் வளரத்தானே பாடுபட்டேன். ஆனால் வளர்ந்த உடம்பை வாசலில் கிடத்தி, வருகிறவனை வழிமறிப்பது வியாபாரமா? ஆதிக்கம் இருக்கலாம், அதைத் துஷ்பிரயோகம் செய்யக்கூடாது. அதுதான் போட்டிச் சட்டத்தின் சாரம் என்று நம் சட்டத்தரணி நிரோஷினி விளக்கியபோது, எனக்குப் பீப்பாய் உருளும் சத்தம்தான் கேட்டது.

அன்றே, எனக்கு வந்த பெரிய கம்பனிச் சிலிண்டர்களில் கொஞ்சத்தை றலியாவின் கடையில் இறக்கினேன். "வாணாம் முதலாளி, ஒங்களுக்கும் லொறிய நிப்பாட்டுவாங்க" என்றார்.

"இது உங்க வாப்பாவோட பீப்பாய்ம்மா" என்றேன்.

பிறகு தெல்தெனிய கொடுத்தது, மடுல்கெல்ல கொடுத்தது. நம் சங்கம் போட்டிச் சட்டத்தின்படி முறையிட்டது. விசாரணையில் கம்பனியின் வழக்கறிஞர், நாங்கள் சிலிண்டர் கொடுத்ததையே பிடித்துக்கொண்டார்: வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து சதி செய்கிறார்கள் என்றார். அதிகாரி என்னைக் கேட்டார், விலையை ஒன்றாகப் பேசி வைத்தீர்களா என்று.

"இல்லீங்க ஐயா. அந்தம்மா என்னைவிடக் கம்மிக்கு விக்கிறாங்க. எனக்கு வயித்தெரிச்சல்தான்."

"அப்படியானால் ஏன் கொடுத்தீர்கள்?"

"அவங்க மூடினா நான் யாரோட சண்டை புடிக்கிறதுங்க?"

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். கம்பனிக்காரர்கள் சிரிக்கவில்லை, மறுவாரமே பேச வந்தார்கள்.

என்ன பேசினீங்க என்று பின்வரிசையில் கேட்கிறது. பொறுங்கள். பயந்தும் கொடுத்த உங்கள் கைகளுக்கு நன்றி. பொறுமையாய்க் கேட்ட தாய்மாருக்கு நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம். இனி, ஒத்துக்கொண்டது இதுதான்: யாரும் எந்தக் கம்பனிச் சிலிண்டரும் விற்கலாம். அதற்காக யாருக்கும் லொறி வராமல் போகாது. மொத்த விலை எல்லோருக்கும் ஒன்று. சில்லறை விலை அவரவர் சண்டை. பச்சைச் சிலிண்டர்கள் முன்வரிசையில்தான் நிற்கும். இது றலியா கேட்டு வாங்கியது. திங்கட்கிழமை லொறி முதலில் நிற்பது அவர் வாசலில். அடுத்தது, எதிர்க்கடையில்.