பதினொரு மேட்ச், ஒன்பது கோல்

— கதவைச் சாத்துடா முதல்ல. இந்த ஈசிஜி தாளைப் பாரு.

— இந்தக் கோடெல்லாம் எனக்கு என்னக்கா புரியும்? நான் கோச்சு, நீ டாக்டரு. ஆடுவானா மாட்டானா, அதை மட்டும் சொல்லு.

— ஆடுறதா? பத்து நிமிஷம் முன்னாடி காரிடார்ல நின்னபடியே சாஞ்சிருக்கான். ஜெர்சி எடுத்து வெக்கிறவர் தாங்கிப் பிடிச்சதால மண்டை தப்பிச்சுது.

— காலையில ஒண்ணும் சாப்பிடலக்கா. பெரிய மேட்சுன்னா அவன் எப்பவும் அப்படித்தான். குளுக்கோஸ் குடு, எழுந்து உக்காந்துடுவான். ஒண்ணும் ஆகாது.

— பசி மயக்கத்துக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? இங்க பாரு, இந்த எடத்துல துடிப்பு தாறுமாறா ஓடுது. இதோட கிரவுண்டுல இறங்கினான்னா நடுவுல நின்னுடும்டா.

— என்னது?

— இதயம்டா. வேற என்ன?

— மெதுவா பேசு. திரைக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருக்கான்.

— கண்ணை மூடிட்டுத்தான் கிடக்கான்.

— மேல கேக்குதா? இந்த ரூம் கூரையே அதிருது. "ரயிலு, ரயிலு"ன்னு அவனைத்தான் கூப்பிடுறாங்க. அவன் வர்றதுக்கு முன்னாடி இந்த கேலரியில காக்கா உக்காந்திருந்துச்சுக்கா.

— அதுக்காக?

— அவனை எடுத்தப்ப எல்லாரும் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. முப்பத்திரண்டு வயசு, கான்ட்ராக்ட் முடிஞ்சு வீட்ல உக்காந்திருக்கிறவன், அவனுக்குப் போய் பாதி டீமோட சம்பளமான்னு. பதினொரு மேட்ச், ஒன்பது கோல். இப்ப சொல்லு, எடுத்தது தப்பா?

— அப்படிப்பட்டவனை அந்த டீம் ஏன் சும்மா அனுப்பிச்சுது? வேற ஒருத்தனும் ஏன் கிட்ட வரல? அன்னைக்கே கேட்டேனா இல்லையா?

— வயசாயிடுச்சுன்னு விட்டிருப்பாங்க.

— ரெண்டு நாள் டைம் குடு, ஓடவிட்டு இதயத்தைப் பாக்கணும்னேன். நீதான் மூட்டு நல்லாருக்குல்ல, அது போதும், வேற எவனாவது கொத்திட்டுப் போயிடுவான்னு குதிச்ச. நானும் படுக்க வெச்சு ஒரே ஒரு தடவை பாத்தேன். சுத்தமா இருந்துச்சு. ஆட ஃபிட்டுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். என் தப்புடா. நான் பிடிவாதமா நின்னிருக்கணும்.

— உன் தப்புன்னு இப்ப யாரு சொன்னா? விடுக்கா.

— என்னத்த விடுறது? அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. மூணாவது வரிசையில உக்காந்து கையாட்டுறா. இவனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?

— முதல் பாதி மட்டும். நாப்பத்தஞ்சே நிமிஷம். ஒரு கோல் போட்டான்னா உடனே வெளிய இழுத்துடுறேன்.

— டேய். நீ பேசுறது உன் காதுல விழுதா?

— விழுதுக்கா. ஆனா இன்னைக்குத் தோத்தா கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுவோம். நான் வீட்டுக்குப் போறது இருக்கட்டும், அந்த ஜெர்சிக்காரர், புல்லு வெட்டுறவர், கேட்ல நிக்கிறவர், எல்லாரும் போயாகணும். நீயும்தான்.

— நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அஞ்சு நிமிஷம் ஆச்சு.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா?

— உன்னை எதுக்குக் கேக்கணும்?

— பேனா குடு.

— எதுக்கு?

— லிஸ்ட்ல அவன் பேரை அடிக்கணும்ல? ரெஃப்ரி கைக்குப் போறதுக்குள்ள. இந்தா, அடிச்சாச்சு. நிம்மதியா?

— ஏன்டா உன் மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு? உக்காரு. தண்ணி குடி.

— எனக்கு ஒண்ணுமில்ல. அக்கா, நீ அவன்கூட வண்டியில போகாத. பிசியோவை அனுப்பிக்கலாம்.

— டாக்டர் நான் போகாம பிசியோவா?

— இங்க மத்த பசங்களுக்கு அடிபட்டா யாரு பாக்குறது?

— அதுக்கு எதிர் டீம் டாக்டர் இருக்காரு, கேட்டா வருவாரு. நான் அவன்கூடத்தான் போவேன். வழியில பேசிப் பாத்தாத்தான் எத்தனை நாளா இப்படின்னு தெரியும்.

— இந்த நேரத்துல அவன்கிட்ட என்ன பேச்சு? அவனைச் சும்மா விடேன்!

— எதுக்குடா இப்படிக் கத்துற?

— மேடம்...

— ஐயோ, எழுந்திரிக்காதப்பா! திரையை விடு. ஒயரெல்லாம் பிடுங்கிக்கும். படு, படு.

— மேடம், நான் செத்துடுவேனா?

— மாட்ட. நான் இருக்கேன்ல? வண்டி வந்துட்டே இருக்கு. கையைக் குடு. ஜில்லுன்னு இருக்கே... போர்த்திக்கோ. இதுக்கு முன்னாடி இப்படி மயக்கம் வந்திருக்கா?

— அவனுக்கு மூச்சு வாங்குதுக்கா. பேச விடாத.

— நீ சும்மா இரு. சொல்லுப்பா.

— பழைய டீம்ல ரெண்டு தடவை மேடம். அதுக்கப்புறம்தான் அவங்க வேணாம்னு சொன்னாங்க.

— அடப்பாவி! இதை ஏன்ப்பா என்கிட்ட மறைச்ச? உன் உயிர் இல்லையா அது?

— மறைக்கலையே மேடம். கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போடுறதுக்கு மொத நாளே அந்த டீம் டாக்டர் குடுத்த பேப்பரெல்லாம் கோச்கிட்ட குடுத்துட்டேனே? "டாக்டர்கிட்ட காட்டினேன், பயப்பட ஒண்ணுமில்ல, தைரியமா ஓடச் சொன்னாங்க"ன்னு அவரே வந்து சொன்னாரே? உங்க வார்த்தையை நம்பித்தானே மேடம் இத்தனை நாளும் ஓடினேன்?